வீகன் உணவும் விடுபட்ட நிபந்தனையும்

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி, தாவரங்களிலிருந்து கிடைப்பதை மட்டுமே உண்ணும் முறை வீகன் உணவு எனப்படுகிறது. இம்முறை இயல்பிலேயே முழுமையானது, இதயநோயையும் நீரிழிவையும் தடுப்பதோடு குணப்படுத்தவும் வல்லது, மனித உடல் இதற்கென்றே அமைந்தது, சத்துக்குறைவு பற்றிய எச்சரிக்கைகள் யாவும் பால், இறைச்சி வணிகத்தார் கிளப்பிவிட்ட அச்சம் என்னும் கருத்து, இயற்கை உணவு முகாம்களிலும் யோகா வகுப்புகளிலும் காணொளிகளிலும் கைப்பேசிக் குழுக்களிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக உலவி வருகிறது. இக்கருத்து பிழையானது, அதை நம்பிப் பின்பற்றுவோருக்கே, அவர்களுள்ளும் கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும், தீங்கு விளைவிப்பது.

எதிர்க்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அதன் வலுவான பகுதியை முதலில் முழுமையாக ஒப்புக்கொண்டே மறுப்பைத் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரிடையே நடந்த பேராய்வின் 2009-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, புலால் உண்போரில் 7.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தபோது வீகன் உணவினரில் 2.9 விழுக்காட்டினருக்கே அது இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த 22 இரட்டையர் இணைகளில் ஒருவருக்கு வீகன் உணவும் மற்றவருக்குப் புலால் சேர்ந்த நல்லுணவும் எட்டு வாரங்கள் கொடுக்கப்பட்டபோது, இரத்தக் குழாய்களில் படியும் எல்டிஎல் என்னும் கொழுப்பு வீகன் உணவினருக்கே கூடுதலாகக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2015-இல் வகைப்படுத்தியது. அமெரிக்க உணவியல் வல்லுநர் கழகமும், முறையாகத் திட்டமிடப்பட்ட வீகன் உணவு வாழ்வின் எல்லாப் பருவங்களுக்கும் ஏற்றது என்று 2016-இல் அறிவித்தது.

இவற்றில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசியாகச் சொன்ன அறிக்கையில் ‘முறையாகத் திட்டமிடப்பட்ட’ என்ற நிபந்தனை இருக்கிறது. வைட்டமின் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ வீகன் உணவினருக்குக் கட்டாயம் தேவை என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருக்கிறது. அக்கழகமே 2025-இல் வெளியிட்ட புதிய அறிக்கை, வயது வந்தோரை மட்டுமே, அவர்களிலும் கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் தவிர்த்து, தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. முகாம்களிலும் காணொளிகளிலும் அந்த 2016-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டப்படும்போது நிபந்தனை உதிர்ந்து, பாராட்டு மட்டும் எஞ்சுகிறது. கீழ்வரும் மறுப்புகள் அனைத்தும் அந்த உதிர்ந்த நிபந்தனையைப் பற்றியவை.

1. முழுமையான உணவு என்றால் அதற்கு ஏன் மாத்திரை வேண்டும்? இரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதற்கும் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் காப்புறை சிதையாமல் இருப்பதற்கும் தேவையான பி12, தாவரங்களால் ஆக்கப்படுவதில்லை, விலங்குகளாலும் ஆக்கப்படுவதில்லை, நுண்ணுயிர்கள் மட்டுமே அதை ஆக்குகின்றன, அவற்றிலிருந்து பெற்று விலங்குகள் தம் ஈரலிலும் தசையிலும் பாலிலும் சேர்த்துக்கொள்கின்றன. மனிதருக்கு நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் கிடைத்தால் போதும் என்றாலும், அந்தத் துளியளவு தாவரம் மட்டுமே கொண்ட தட்டில் கிடைப்பதில்லை. வீகன் சங்கம் டொனால்டு வாட்சன் முதலியோரால் இங்கிலாந்தில் 1944 நவம்பரில் தொடங்கப்பட்டபோது இந்த வைட்டமின் இன்னதென்றே யாருக்கும் தெரியாது. அது பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல். பாலையும் விட்டொழித்த அந்த முதல் தலைமுறையினர் சிலருக்கு நாக்குப் புண்ணும் கைகால் மரத்துப்போதலும் பிற நரம்புக் கோளாறுகளும் தோன்றியதை ஃபிராங்க் வோக்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1955-இல் பதிவு செய்தனர். ஆக, மாத்திரை இல்லாத வீகன் உணவு என்னும் சோதனை ஒருமுறை நடந்து, அதன் முடிவும் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அதே சோதனையைத் தமிழ்க் குடும்பங்களின் மீது, அவர்களுக்குத் தெரிவிக்காமலே, மறுபடியும் நடத்த வேண்டிய தேவை என்ன?

“பத்து ஆண்டுகளாக இப்படித்தான் உண்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பது இங்கே எழும் வழக்கமான பதில். உடல், குறிப்பாக ஈரல், பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும் என்பதே இதற்கு விளக்கம். முந்தைய காலத்துப் பாலும் முட்டையும் சேர்த்துவைத்த கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும் காலத்தை, புதிய உணவின் வெற்றியாகக் கணக்கு வைப்பது தவறு. இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையும் பருப்பும் நிறைந்த உணவில் ஃபோலேட் என்னும் வேறொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால், பி12 குறைவால் வரவேண்டிய இரத்தசோகை வெளிப்படாமல் மறைந்து நிற்க, நரம்புச் சிதைவு மட்டும் உள்ளுக்குள் முன்னேறலாம். ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்தவருக்கு, கண்ணை மூடி நின்றால் தள்ளாடுவதும் பாதங்களில் தரையின் உணர்வு குன்றுவதும் தொடங்கியிருக்கும். காலம் கடந்துவிட்டால் அந்தச் சிதைவு முழுமையாகத் திரும்புவதில்லை.

2. பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்று சொன்னவர் யார்? இது தமிழில் மிகப் பரவலான கூற்று. இரவு முழுதும் நீரில் ஊறிய சோற்றில் பி6-உம் பி12-உம் பெருகிவிடுகின்றன என்று பகிரப்படாத நாளில்லை. பழைய சோறு நல்ல உணவு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அதைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பி12 ஆக்கும் திறன் கிடையாது. இட்லி மாவுக்கும் இதே நிலைதான். உடலின் தேவையை நம்பகமாக ஈடுசெய்யும் அளவுக்கு இவற்றில் பி12 உண்டு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின் பெயரால் விற்கப்படும் நம்பிக்கை இன்னும் மோசமானது, ஏனெனில் அது பரிசோதனைச் சாலையையும் ஏமாற்றும். அதில் பெரும்பகுதியாக இருப்பது பி12 போன்ற வடிவமுடைய, ஆனால் மனித உடலில் வேலை செய்யாத போலிப் பொருள். நெதர்லாந்தில் விலங்குணவை ஏறத்தாழ முற்றிலும் தவிர்க்கும் மேக்ரோபயாட்டிக் என்னும் முறையில் வளர்க்கப்பட்ட, பி12 குறைந்திருந்த குழந்தைகளுக்குக் கடற்பாசியும் ஸ்பைருலினாவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. இரத்தத்தில் பி12-இன் அளவு கூடியதாகக் காட்டியபோதிலும் சிவப்பணுக்களின் குறைபாடு சீராகவில்லை. எண் ஏறியது, நோய் தீரவில்லை.

மனிதக் குடலிலேயே பி12 உற்பத்தியாகிறது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. உற்பத்தியாவது பெருங்குடலில், உறிஞ்சப்படுவது அதற்கு முன்னால் உள்ள சிறுகுடலின் கடைப்பகுதியில். உற்பத்தி நடக்கும் இடத்தை அடையும்போது உறிஞ்சும் இடத்தை உணவு கடந்து வந்துவிட்டிருக்கும் என்பதால், அந்த விளைச்சலால் உடலுக்குப் பயன் இல்லை. கழுவாத காய்கறியின் மண்ணில் கிடைக்கும் என்போர், குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் எந்த வழியாக வருகின்றன என்பதையும் சேர்த்தே கேட்போருக்குச் சொல்ல வேண்டும்.

3. “யானை இலைதழை தின்றுதானே இவ்வளவு பலமாக இருக்கிறது?” மேடையில் கைதட்டல் வாங்கும் இந்தக் கேள்வி, விலங்குகளின் செரிமானத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தாலே வலுவிழந்துவிடும். மாட்டுக்கு முதல் இரைப்பை ஒரு பெரும் நொதிக்கலம். மேயும் புல்லில் கோபால்ட் என்னும் கனிமம் இருந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் பி12-ஐ ஆக்கித் தர, பின்னால் உள்ள சிறுகுடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கோபால்ட் குறைந்த மண்ணில் மேய்ந்த ஆடுகள் பச்சைப் புல்வெளியின் நடுவிலேயே மெலிந்து மாண்டதும், அதன் காரணம் 1930-களில் கண்டறியப்பட்டதும் கால்நடை மருத்துவ வரலாற்றில் நன்கு பதிவானவை. முயல் தன் மென்சாணத்தைத் தானே மறுபடி உண்டு, பின்குடலில் உருவான வைட்டமின்களைப் பெறுகிறது. யானை நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கும் மேல் தின்று, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. இவற்றில் எந்த அமைப்பும் எந்த வழக்கமும் மனிதரிடம் இல்லாதபோது, யானையின் பலத்தைக் காட்டி மனிதரின் தட்டை நிரப்புவது எப்படிப் பொருந்தும்? பல்லின் வடிவத்தையும் குடலின் நீளத்தையும் வைத்து எழுப்பப்படும் வாதமும் இதே வகையைச் சேர்ந்தது. மனிதர் தாவரமும் விலங்கும் உண்டு, அதிலும் நெருப்பில் சமைத்து உண்டு பழகிய உயிரினம். வீகன் உணவை ஒருவர் தேர்ந்தெடுக்கலாம்; அது இயற்கை விதித்தது என்று சொல்ல மட்டும் இடமில்லை.

4. முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவர்களின் அடுக்களையைப் பார்த்தார்களா? தமிழ்நாட்டில் புலால் மறுத்த குடும்பங்களின் சமையலில் பருப்புக்கு நெய்யும், கடைசிச் சோற்றுக்கு மோரோ தயிரோ இல்லாத சாப்பாடு நிறைவு பெற்றதாகக் கருதப்பட்டதில்லை. நோன்பு நாளிலும் பாலுக்கும் பழத்துக்கும் தடை இருந்ததில்லை. நாள்தோறும் குடித்த அந்தப் பாலும் மோரும்தான் அவர்களுக்குப் பி12 வந்த வழி. எஞ்சிய பெரும்பான்மையோர் என்றுமே புலால் உண்டவர்கள். கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்க வசதியில்லாத உழவுக் குடும்பங்களுக்கும் வயல் நண்டும் நத்தையும் குளத்து மீனும் கருவாடும், முதல் மழைக்குப் பிறகு புற்றிலிருந்து கிளம்பும் ஈசலும் கிடைத்தன. இவற்றில் நத்தையும் நண்டும் பி12 மிக நிறைந்தவை. முழுத் தாவர உணவை மட்டுமே தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்த மரபுச் சமூகம் எதுவும் உலகில் அறியப்படவில்லை. புலாலை விட்ட தாத்தாவின் ஆயுளைக் காட்டி, பாலையும் சேர்த்து விடச் சொல்வது, அவர் உண்ணாத உணவுக்கு அவரைச் சாட்சியாக்குவதாகும்.

5. ஆய்வுகள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன? இங்குச் சற்று விரிவாக நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் வீகன் உணவின் மருத்துவப் புகழ் முழுவதும் இந்த ஆய்வுகளின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன அட்வென்டிஸ்ட் சபையினர் புகைப்பதில்லை, மது அருந்துவது அரிது, உடற்பயிற்சியையும் வார ஓய்வையும் சமயக் கடமையாகவே கொண்டவர்கள். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்தே முடிவு கூறுகிறார்கள் என்றாலும், இத்தகைய கவனிப்பு ஆய்வில், அதாவது மக்கள் தாமாகத் தேர்ந்த வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வில், உணவின் பங்கையும் உடல்நலத்தில் அக்கறையுள்ள மனப்பாங்கின் பங்கையும் முற்றிலும் பிரித்தெடுக்க இயலாது. அந்தச் சபையினரைப் பற்றிய 2013-ஆம் ஆண்டு முடிவில் வீகன் உணவினரின் இறப்பு விகிதம் 15 விழுக்காடு குறைவாகத் தெரிந்தது, ஆனால் அவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்தது அன்று என்று உறுதியாகச் சொல்லும் புள்ளியியல் எல்லையை எட்டவில்லை. பிரிட்டனில் இதேபோல் பின்தொடரப்பட்ட மக்களிடையே, புலால் உண்ணாதோர்க்கும் உண்போர்க்கும் மொத்த இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடே தென்படவில்லை.

அதே பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இன்னும் தெளிவான பாடம் தருகிறது. ஏறத்தாழ 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான அதன் முடிவின்படி, வீகன் உணவினரையும் உள்ளடக்கிய சைவ உணவினருக்கு இதயக் குழாய் அடைப்பு நோய் 22 விழுக்காடு குறைவு. பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதல். முதல் எண் எல்லா மேடைகளிலும் முழங்குகிறது, இரண்டாவது எண் எங்கும் ஒலிப்பதில்லை. நேர்மையாகச் சொன்னால் ஆயிரம் பேருக்குப் பத்தாண்டுகளில் பத்து இதயநோய்கள் குறைந்து மூன்று பக்கவாதங்கள் கூடின. கணக்கில் ஆதாயம் சைவத்தின் பக்கமே. ஆனால் ஆதாயத்தை மட்டும் படித்துக் காட்டி இழப்பை மறைப்பவரின் கணக்கை யாரும் நம்பக் கூடாது. 2020-இல் அதே ஆய்வு எலும்பு முறிவுகளை எடுத்துக்கொண்டபோது, வீகன் உணவினருக்கு மொத்த முறிவுகள் 43 விழுக்காடு மிகுதியாகவும், இடுப்பெலும்பு முறிவு இரு மடங்குக்கும் மேலாகவும் இருந்தன. உடல் எடையையும் கால்சியம், புரதம் ஆகியவற்றின் அளவையும் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. அறுபது வயதுக்கு மேல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரின் எஞ்சிய வாழ்க்கை எப்படிப் போகும் என்பது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரிந்ததே.

வீகன் உணவு அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் என்பதற்கு மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990-இல் வெளியிட்ட ஆய்வே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்த ஆய்வின் உணவில் முட்டை வெள்ளைக்கருவும் நாளொன்றுக்கு ஒரு குவளை கொழுப்பு நீக்கிய பாலோ தயிரோ அனுமதிக்கப்பட்டிருந்தன. அத்தோடு புகைப்பழக்கத்தைக் கைவிடுதல், உடற்பயிற்சி, மனஅழுத்தம் குறைக்கும் பயிற்சி, குழுவாகக் கூடிப் பேசுதல் ஆகிய அனைத்தும் சேர்த்தே தரப்பட்டன. பல மருந்துகள் கலந்த கலவையால் விளைந்த நன்மையை ஒரே மருந்தின் பெயரில், அதுவும் அந்தக் கலவையில் இல்லாத மருந்தின் பெயரில், வரவு வைப்பது அறிவியல் ஆகாது. இந்தச் சான்றை நம்பி இதய மருந்தை நிறுத்தியவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

6. விலக்குவதால் மட்டும் உணவு நல்லுணவு ஆகிவிடுமா? டால்டாவில் வீசிய பரோட்டா, எண்ணெயில் மிதந்த வடை, சர்க்கரைப் பாகில் ஊறிய தின்பண்டம், பாக்கெட்டு சிப்ஸ், இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றைப் பாலும் முட்டையும் சேர்க்காமலே செய்துவிடலாம். வீகன் என்ற முத்திரைக்கு அவை முழுத் தகுதி பெற்றவை. அமெரிக்க மருத்துவத் துறையினர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, தாவர உணவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: முழுத்தானியம், பயறு, காய், கனி, கொட்டை வகைகளை மிகுதியாக உண்டோருக்கு இதயக் குழாய் நோய் 25 விழுக்காடு குறைந்திருக்க, தீட்டிய தானியம், இனிப்பு, பழச்சாறு போன்றவற்றை மிகுதியாக உண்டோருக்கு அது 32 விழுக்காடு கூடியிருந்தது. இரண்டும் தாவரமே. நன்மை செய்தது உள்ளே வந்த பயறும் முழுத்தானியமும் என்பதையே இந்த முடிவு காட்டுகிறது.

தமிழ்நாட்டுத் தட்டில் இந்த வேறுபாடு தலையானது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்னும் நாடளாவிய ஆய்வு, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டதும் அதே ஆய்வுதான். 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வெள்ளைச் சோறு மிகுதியாக உண்போருக்கும் குறைவாக உண்போருக்கும் இடையே நீரிழிவு வரும் வாய்ப்பு தெற்காசியாவில் 61 விழுக்காடு வேறுபட்டது. இத்தகைய தட்டிலிருந்து முட்டையையும் மீனையும் தயிரையும் எடுத்துவிட்டால் காலியான இடத்தை நிரப்பப் போவது எது? பெரும்பாலான வீடுகளில் அது மேலும் ஒரு கரண்டி சோறு. பயறு வகைகளால் வயது வந்தோரின் புரதத் தேவையை முற்றிலும் ஈடுசெய்ய முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது கிராம் புரதம் வேண்டும். நீர்த்த சாம்பாரில் ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று கிராம் கிடைத்தாலே அரிது. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, சோயா ஆகியவற்றைத் தாளித்து ஓரத்தில் வைக்கும் சுண்டலாகக் கருதாமல் தட்டின் பாதியாகவே கருதினால்தான் கணக்கு நேராகும். காணொளிகள் காட்டும் வண்ணமயமான பழக் கிண்ணங்கள் இந்த வேலையைச் செய்யா.

கனிமங்களிலும் இப்படியே. கால்சியம் என்றவுடன் கீரை என்று பதில் வருகிறது. பசலைக் கீரையில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதில் ஏறத்தாழ 5 விழுக்காடே உடலில் சேர்கிறது, பாலிலிருந்து சேர்வதோ அதைப்போல் ஐந்து மடங்கு. எள்ளும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் உதவும், ஆனால் நாள்தோறும், அளவறிந்து உண்டால் மட்டுமே. தாவர இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு காப்பியோ தேநீரோ குடித்தால் இன்னும் குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடும். இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று கூறும் நாட்டில், இந்த நுணுக்கங்களைச் சொல்லாமல் இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவைப்பது பொறுப்பற்ற செயல்.

நீரிழிவுக்காரர்களைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவைக் குணப்படுத்த வீகன் உணவு என்ற விளம்பரம் இவர்களையே முதலில் ஈர்க்கிறது. இவர்களில் மிகப் பலர் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள். மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். இரு பக்கமும் வழி அடைபட்ட பிறகு பாதம் மரத்துப்போனால், அது சர்க்கரையால் வந்தது என்றே நோயாளியும் உறவினரும் எடுத்துக்கொள்வார்கள். ஊசியால் தீர்க்கக்கூடிய குறைபாடு ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமலே போகும்.

7. குழந்தைக்குத் தேர்வுரிமை ஏது? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1962-இல் லான்செட் இதழில், தாய்ப்பாலையே நம்பி வளர்ந்த சில தென்னிந்தியக் குழந்தைகளின் நோயை விவரித்தனர். இந்நோய்க்கு ஆளாகும் குழந்தை பிறந்து சில மாதங்கள் இயல்பாகவே வளரும். தலை நிற்கும், சிரிக்கும், உட்காரவும் தொடங்கும். பிறகு கற்றது ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும்: உட்கார்ந்த குழந்தை சரியும், சிரிப்பு நிற்கும், தாயின் முகத்தைப் பார்த்துத் திரும்பாது, முடி மெலிந்து செம்பட்டையாகும், விரல் மூட்டுகளின் மேல்தோல் கறுக்கும், சிலருக்குக் கை நடுங்கும். காரணம் தாயின் பி12 குறைவு. தாய்க்கு அறிகுறி எதுவும் இல்லாமலே அவர் பாலில் அது வற்றியிருக்கலாம். பி12 ஊசி போட்டால் சில நாட்களில் குழந்தை கண் விழித்துப் பார்ப்பதும், தாமதமாகிவிட்டால் அறிவு வளர்ச்சியில் பின்னடைவு நிலைத்துவிடுவதும் மருத்துவம் நன்கறிந்தவை. நெதர்லாந்தின் மேக்ரோபயாட்டிக் குழந்தைகள் பின்னாளில் பாலும் பிற விலங்குணவும் சேர்த்து உண்ணத் தொடங்கிய பிறகும், பதின்ம வயதில் அவர்களின் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவு தென்பட்டதாக 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் 2024-இல் தன் நிலைப்பாட்டைத் தளர்த்தி, பி12 மாத்திரையோடும் நல்ல திட்டத்தோடும் கூடிய வீகன் உணவு வயது வந்தோருக்கு நலம் தரக்கூடியது என்று ஏற்றபோதும், குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் அதைப் பரிந்துரைக்க முன்வரவில்லை.

இவற்றையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் மீண்டும் இறைச்சிக் கடைக்குத் திரும்பிவிடுவார்கள், விலங்குகளுக்காக எழுப்பிய குரல் அடங்கிவிடும் என்று வீகன் அன்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கூண்டில் அடைபட்ட கோழிக்காகவும் கன்றைப் பிரிந்த பசுவுக்காகவும் ஒருவர் தன் உணவை மாற்றிக்கொள்வது, அந்த உணவு ஆயுளைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் மதிப்புக்குரிய அறநிலை. அதற்குப் பொய்யான மருத்துவ வாக்குறுதியின் துணை தேவையில்லை. மாத்திரையாக விற்கப்படும் பி12 நுண்ணுயிர்களை வளர்த்தே தயாரிக்கப்படுவதால், அதை உட்கொள்வதில் அந்த அறத்துக்கும் முரண் இல்லை; விலங்கு ஜெலட்டினால் ஆன உறையைத் தவிர்க்க விரும்புவோர் உறையில்லாத மாத்திரையை வாங்கலாம். உண்மையைச் சொல்வதால் ஓர் இயக்கம் இழப்பதைவிட, நரம்பு தளர்ந்த ஒருவரால், சுருண்டு கிடக்கும் ஒரு குழந்தையால் அது இழப்பதே மிகுதி.

டொனால்டு வாட்சன் முதலியோர் தொடங்கிய அதே வீகன் சங்கம் இன்று தன் உறுப்பினர்களுக்கு மூன்று வழிகளுள் ஒன்றைக் கட்டாயமாகச் சொல்கிறது: பி12 சேர்த்த உணவுகளிலிருந்து நாளொன்றுக்கு மொத்தம் 3 மைக்ரோகிராமாவது பெறுதல், அல்லது 10 மைக்ரோகிராம் மாத்திரையை நாள்தோறும் எடுத்தல், அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் எடுத்தல். தமிழில் வீகன் உணவைப் பரப்பும் ஒவ்வொருவரும் தம் உணவுப் பட்டியலின் முதல் வரியாக இதை அச்சிட வேண்டும். ஏற்கெனவே அந்த உணவுக்கு மாறிவிட்டவர்கள், குறிப்பாகக் கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் மெட்ஃபார்மின் எடுப்போரும், அடுத்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துப் பி12 பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.